ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு என் வகுப்பு மந்தமாகிவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

கணக்கு டீச்சர்:

வணக்கம். நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். 19 வருடமாகக் கரும்பலகைதான். இந்த ஆண்டு எங்கள் வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள், பெரிய டிவி மாதிரி இருக்கும் தொடுதிரை, அதனோடு ஒரு மடிக்கணினி. பயிற்சி அரை நாள் நடந்தது. மெனுவில் இருக்கும் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திக் காட்டிக்கொண்டே போனார்கள், பாடத்தில் எந்த இடத்தில் எதை எடுத்தால் பிள்ளைக்குப் புரியும் என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மனதார முயற்சி செய்கிறேன். இரண்டு மாதமாக இரவில் உட்கார்ந்து ஸ்லைடு தயாரிக்கிறேன், வீடியோ தேடி எடுக்கிறேன். ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. சில நாள் தொட்ட இடத்தில் கோடு விழாமல் ஒரு சாண் தள்ளி விழுகிறது. சில நாள் படம் மட்டும் வருகிறது, தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. அதைச் சரிசெய்யப் போராடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது, 38 பிள்ளைகளும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய கேள்வித்தாள்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் வருகின்றன.

இதெல்லாம்கூட எப்படியாவது சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு. எல்லாம் ஒழுங்காக ஓடிய நாளிலும் பிள்ளைகள் சும்மா பார்க்கத்தான் செய்கிறார்கள். முக்கோணத்தின் பரப்பளவுக்கு ஒரு அழகான அசைபடம் போட்டேன், கண் இமைக்காமல் பார்த்தார்கள், மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு உயரம் எது என்றே தெரியவில்லை. போர்டுக்கு வந்து எழுதச் சொன்னால் எப்போதும் கை தூக்கும் அதே நாலைந்து பேர்தான் வருகிறார்கள். முன்பு எழுதிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்துவிடும். இப்போது என் கண் முழுக்கத் திரையில் இருக்கிறது.

இருப்பதில் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? எதை விட்டுவிடலாம்? 38 பேரையும் யோசிக்க வைக்க இந்தக் கருவியால் முடியுமா, இல்லை நான் தப்பான இடத்தில் தேடுகிறேனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

லேப் உதவியாளர்:

டீச்சர், நான் பாடம் நடத்துபவன் இல்லை, வகுப்பு வகுப்பாகப் போய் இந்தப் பேனல்களைச் சரிசெய்து கொடுக்கிற ஆள். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் சொல்கிறேன்.

படம் வருகிறது, தொடுவது வேலை செய்யவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். மடிக்கணினியிலிருந்து பேனலுக்கு இரண்டு கேபிள் போக வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும். நீங்கள் தொட்ட செய்தி கணினிக்குத் திரும்பி வருவது தனி யூஎஸ்பி கேபிள் வழியாக. அதை யாராவது பிடுங்கி வேறு எதற்காவது செருகியிருப்பார்கள், நான் போய்ப் பார்க்கிற பழுதுகளில் பெரும்பாலும் இதுதான். பேனலில் எச்டிஎம்ஐ 1, 2 என்று இருந்தால் யூஎஸ்பியும் அதற்கு இணையான துளையில்தான் இருக்க வேண்டும், மாறிப்போனாலும் தொடுவது போய்விடும். புது மடிக்கணினி, புது பேனல் என்றால் ஒரே டைப்-சி கேபிளில் எல்லாம் நடக்கலாம், ஆனால் எல்லா டைப்-சி கேபிளும் படத்தைக் கடத்தாது, சார்ஜ் போட மட்டும் ஆகிறவையும் உண்டு.

அப்புறம் யூஎஸ்பி கேபிளின் நீளம். சாதாரணக் கேபிள் 5 மீட்டருக்கு மேல் போனால் சிக்னல் தளர்ந்து தொடுவது விட்டு விட்டு வேலை செய்யும். மேசை தூரத்தில் இருந்தால் கேபிளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள், மேசையைப் பேனல் பக்கம் கொண்டுவாருங்கள்.

கோடு தள்ளி விழுவதற்குக் காரணம் இரண்டு மூன்று இருக்கும். கீபோர்டில் விண்டோஸ் கீயோடு பி எழுத்தை அழுத்தினால் திரையை எப்படிக் காட்டுவது என்று கேட்கும், அதில் டூப்ளிகேட் என்று வையுங்கள். எக்ஸ்டெண்ட் என்று இருந்தால் நீங்கள் பேனலைத் தொடுவதை மடிக்கணினித் திரையில் தொட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்டெண்ட்தான் வேண்டும் என்றால் கண்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் போய், செட்அப் அழுத்தி, எது தொடுதிரை என்று ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டும். ப்ரொஜெக்டர் வைத்த பழைய வகைப் போர்டு என்றால் கேலிப்ரேஷன், அதாவது திரையில் வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒத்திசைப்பது, அடிக்கடி தேவைப்படும். ப்ரொஜெக்டரை யாராவது ஒரு விரற்கடை நகர்த்தினாலும் மறுபடி செய்ய வேண்டும்.

இன்னொன்று. நிறையப் பேனல்களில் கண்ணாடிக்குத் தொடு உணர்வே கிடையாது. சட்டத்தின் உள்விளிம்பில் வரிசையாக அகச்சிவப்பு விளக்குகளும் எதிரே உணரிகளும் இருக்கும், விரல் எந்தக் கதிரை மறிக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டதாகக் கணக்குப் பண்ணும். அதனால் சட்டையின் கைப்பகுதி உரசினாலும், துப்பட்டா பட்டாலும், பூச்சி உட்கார்ந்தாலும் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கரும்பலகை இருந்தால் சாக்பீஸ் தூள் அந்த விளிம்பில்தான் போய்ப் படியும். வாரம் ஒருமுறை பேனலை அணைத்துவிட்டு உலர்ந்த மென்துணியால் நாலு விளிம்பையும் துடையுங்கள். நேராக வெயில் விழுந்தாலும் தடுமாறும், அந்த ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லுங்கள். இந்த வகையில் ஒரு நன்மையும் உண்டு, பேட்டரி பேனா எதுவும் வேண்டாம், குச்சி, விரல், மூடி போட்ட பேனா எதுவானாலும் எழுதும்.

குறிகள் வருவது எழுத்துருச் சிக்கல். பழைய கேள்வித்தாள்கள் பாமினி மாதிரியான, யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொண்டு வந்தால் எழுத்துரு அதிலேயே சேர்ந்து வந்துவிடும், எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும். திருத்த வேண்டிய கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டுவிட்டு ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். அந்தக் கோடு சரியாக விழுந்தால் அன்று பிரச்சினை வராது என்று பெரும்பாலும் நம்பலாம்.

---

இயற்பியல் வாத்தியார்:

உதவியாளர் சொன்னதை அச்செடுத்துப் பேனல் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். நான் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன், டீச்சரைப் போலவே அதுதான் என்னையும் நீண்ட நாள் உறுத்தியது.

நீங்கள் தப்பான இடத்தில் தேடவில்லை, ஆனால் வரிசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். அசைபடத்தை முதலில் காட்டிவிட்டு அப்புறம் கேள்வி கேட்கிறோம். பிள்ளை அதற்குள் விடையைப் பார்த்துவிட்டது. பார்த்ததையே புரிந்ததாக எடுத்துக்கொண்டு அத்தோடு யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூரும் அவர் குழுவும் 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பில் செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கு, அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகப் புரியவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் நான் வருடக்கணக்காகச் செய்முறையைக் கைதட்டல் வாங்கும்படி செய்துகாட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். வீடியோ வேண்டாம். ஜியோஜீப்ரா என்று ஒரு இலவச மென்பொருள், மார்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-ல் தொடங்கியது, கணினியில் இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் அடிப்பக்கம் ஒன்று போடுங்கள், அதற்கு இணையாக மேலே ஒரு கோடு, உச்சிப்புள்ளியை அந்தக் கோட்டின் மேல் வைத்து முக்கோணத்தை முடியுங்கள். இப்போது உச்சியை இழுத்தால் அது அந்தக் கோட்டின் மேல் மட்டுமே நகரும். பரப்பளவு எண்ணையும் திரையில் வையுங்கள், ஆனால் மறைத்து வையுங்கள்.

இனிமேல்தான் பாடமே. திரையைத் தொடாதீர்கள். இந்த உச்சியை வலப்பக்கம் வெகுதூரம் இழுக்கப்போகிறேன், பரப்பளவு கூடுமா, குறையுமா, மாறாதா என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும், பக்கத்து நோட்டைப் பார்க்கக் கூடாது. எழுதிய பிறகு கையை எண்ணுங்கள். சாய்ந்த பக்கம் நீளமாகிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரிவதால் கூடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். விடை சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். வேறு விடை எழுதிய ஒருவரைப் பக்கத்தில் தேடி இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். மறுபடி கையை எண்ணுங்கள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையை அழைத்து இழுக்கச் சொல்லுங்கள், எண்ணைத் திறந்து காட்டுங்கள்.

இழுத்துக்கொண்டே போனால் உச்சி அடிப்பக்கத்தைத் தாண்டி வெளியே போய்விடும், விரிகோண முக்கோணம் வரும். அங்கே நிறுத்தி, இப்போது உயரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு உயரம் எது என்று தெரியாமல் போனது இந்த இடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை என்பதால் இருக்கலாம். சாக்பீஸால் ஒவ்வொன்றாக வரைந்தால் நாலைந்து முக்கோணம்தான் காட்ட முடியும், இங்கே ஒரே முக்கோணம் இடைவிடாமல் மாறுவதும் நடுவில் ஒன்று மட்டும் மாறாமல் நிற்பதும் தெரிகிறது. ஸ்மார்ட் போர்டு தன் விலைக்கு உழைக்கிற இடம் இதுதான் என்பது என் கருத்து.

கையை எண்ணிய பிறகு என்ன செய்வது என்பதற்கு மசூர் முறையில் ஒரு கணக்கு உண்டு. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்தக் கருத்தை மறுபடி நடத்த வேண்டும், விவாதம் பயன்படாது, தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நடுவில் இருந்தால்தான் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது பலன் தரும். இதை அவர் 1991-லேயே தொடங்கிவிட்டார், கருவி எதுவும் இல்லாமலும் செய்யலாம்.

கடைசியாக ஒன்று, என் கையே எனக்குக் கற்றுக்கொடுத்தது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்து, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தொடுதிரை வந்த பிறகு இந்தப் பிரச்சினை கூடித்தான் இருக்கிறது, ஏனென்றால் திரையை ஒருமுறை தட்டினால் விடை வந்துவிடும், விரல் அவசரப்படுகிறது. நான் கேள்வி கேட்டதும் பேனாவைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் பிள்ளைகள் பக்கம் போய்விடுவேன். உங்கள் கண் திரையில் ஒட்டிக்கொள்கிறது என்றீர்களே, அதற்கும் இதுவே மருந்தாக இருக்கும்.

---

பழைய பள்ளிக்காரர்:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டேன், இந்தப் போர்டை மூன்று வருடமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஸ்லைடைத் தட்டினால் பத்து வரி ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. கரும்பலகையில் நான் ஒரு வரி எழுதும் நேரத்தில் பிள்ளையும் ஒரு வரி எழுதும், அந்த வேகம் யோசிக்கிற வேகம். நிரூபணத்தை எழுதும்போது நானே ஒரு இடத்தில் நின்று, அடுத்து என்ன என்று யோசிப்பதைப் பிள்ளை பார்க்கிறது. ஸ்லைடில் அந்தத் தயக்கம் வராது, முடிந்துபோன கணக்குதான் வந்து நிற்கும்.

இன்னொன்று, பேனலில் அடுத்த பக்கத்துக்குப் போனால் முந்தைய பக்கம் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. கரும்பலகையில் இடது மூலையில் எழுதிய சூத்திரம் மணி அடிக்கும் வரை அங்கேயே இருக்கும், கடைசி பெஞ்சுப் பிள்ளை பின்தங்கினாலும் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். டீச்சர், உங்கள் வகுப்பில் கரும்பலகையை எடுத்துவிட்டார்களா? எடுக்கவில்லை என்றால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 19 வருடத்தில் நீங்கள் கற்ற பாதி வித்தை அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

போட்டி வைத்துப் புள்ளி கொடுக்கும் வினாடி வினா செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஹூட் போன்றவற்றில் வேகமாக அழுத்தினால் அதிகப் புள்ளி. நிதானமாக யோசிக்கிற பிள்ளை முதல் மூன்று கேள்வியிலேயே பட்டியலின் அடியில் போய் நிற்கிறது, அப்புறம் அது யோசிப்பதையே விட்டுவிட்டு எதையோ அழுத்துகிறது. என் வகுப்பிலேயே பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

---

இயற்பியல் வாத்தியார்:

ஐயா, நீங்கள் சொன்னதில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. வரி வரியாக வளர வேண்டியது கரும்பலகைக்கு, நகர்த்திப் பார்க்க வேண்டியது திரைக்கு என்று நானே பிரித்து வைத்திருக்கிறேன். முக்கோணத்தைத் திரையில் இழுத்துவிட்டு அதன் சூத்திரத்தைக் கரும்பலகையில்தான் எழுதுவேன், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கஹூட்டில் ஒரு கேள்விக்கான நேரத்தை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் பட்டியலைத் திரையில் காட்டுகிற வரைக்கும் நீங்கள் சொன்ன காயம் இருக்கத்தான் செய்யும்.

---

மூன்றாம் வகுப்பு மிஸ்:

நான் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன், ஆனால் 38 பேரையும் பதில் சொல்ல வைப்பது எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்று ஒன்று. பிள்ளைகளிடம் செல்போன் எதுவும் வேண்டாம், உங்கள் போன் ஒன்று போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அட்டையில் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரக் கோலம் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு. அதன் நாலு ஓரத்திலும் நாலு விடைகளுக்கான எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். எந்த விடையோ அந்த ஓரம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்கும், நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் எந்த விடை என்று போனிலேயே தெரிந்துவிடும். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், உங்கள் வகுப்புக்கு அளவாக இருக்கும். கோலம் வேறு வேறாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க முடியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்குகிற பிள்ளைகள் உண்டு, அட்டையில் அது நடக்காது. தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது என்பதால் பயந்த பிள்ளையும் அட்டையைப் பிடிக்கும். பளபளவென்று லேமினேட் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. நோட்டின் பின் அட்டையில் ஒட்டிவிட்டால் தொலையவும் தொலையாது.

அட்டை அடிக்க முடியாவிட்டால் விரலே போதும், மார்புக்கு நேராக ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டச் சொல்லுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில்.

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. பிள்ளை வந்து இழுக்க வேண்டிய எதையும் திரையின் கீழ்ப்பாதியில் வையுங்கள், எட்டாமல் எக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குக் கணக்கு மறந்துவிடும். சிவப்பு பச்சை இரண்டையும் வைத்து வேறுபாடு காட்டாதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம், அதற்கே அது தெரியாமலும் இருக்கலாம். நீலமும் ஆரஞ்சும் நல்லது. தயாரித்ததைத் திரையில் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள், அங்கிருந்து படிக்க முடியாத எழுத்து எழுதாத எழுத்துக்குச் சமம். பிள்ளைகள் உங்களைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் திரையைக் கறுப்பாக்கிவிடுங்கள், பவர்பாயிண்ட் ஓடும்போது பி எழுத்தை அழுத்தினால் கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

---

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், சும்மா நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை, செய்து பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன்.

யூஎஸ்பி கேபிள் தப்பான துளையில்தான் இருந்தது. இரண்டு மாதம் நான் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம் என்று தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. விளிம்பைத் துடைத்த துணி வெள்ளையாகிவிட்டது.

முக்கோணத்தை மறுபடி நடத்தினேன். இந்த முறை ஸ்லைடு ஒன்றுகூட இல்லை. அட்டை அச்சாகி வரவில்லை, அதனால் விரல்தான். முதல் சுற்றில் கூடும் என்று 19 பேர், குறையும் என்று 6 பேர், மாறாது என்று 13 பேர். நான் முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆனது. முதலில் பயமாக இருந்தது, பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், ஆனால் காது கொடுத்துக் கேட்டால் எல்லோரும் முக்கோணத்தைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் மாறாது என்று 27 பேர்.

இந்த ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை, மூன்றாவது பெஞ்சு. அவள் பக்கத்துப் பையனிடம், "அடியும் மாறல, மேல இருக்கிற கோடும் எங்கயும் போகல, அப்புறம் எப்படிக் கூடும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அதில் ஒன்றுகூட இல்லை. அவளையே கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். எண் மாறாமல் நின்றபோது வகுப்பில் எழுந்த சத்தத்தை இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

உச்சி வெளியே போனபோது உயரம் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் சாய்ந்த பக்கத்தைக் காட்டினார்கள். அப்போதுதான் எனக்கே புரிந்தது, இவர்களுக்கு உயரம் என்றால் முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்கு மறுநாள் முழுப் பாடவேளையும் எடுத்துக்கொண்டேன், கரும்பலகையில், பெரியவர் சொன்னபடி.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் ஒருநாள் பேனல் உறைந்து நின்றுவிட்டது. முன்பென்றால் அதோடு மல்லுக்கட்டியிருப்பேன். அன்றைக்குக் கேள்வி என் கையில் இருந்ததால் அணைத்துவிட்டுச் சாக்பீஸால் நடத்தினேன், கை எண்ணுவதற்குத் திரை தேவைப்படவில்லை. இன்னொரு நாள் கேள்வி ரொம்பச் சுலபமாகிவிட்டது, எல்லோரும் சரி, பேச ஒன்றும் இல்லை. நல்ல கேள்வி யோசிக்க ஸ்லைடு தயாரிப்பதைவிட அதிக நேரம் ஆகிறது.

இப்போது ஒரு சந்தேகம். வடிவியலுக்கு இழுக்க, நகர்த்த நிறைய இருக்கிறது. இயற்கணிதத்தில் என்ன செய்வது? அடுத்த மாதம் ஏழாம் வகுப்புக்கு எளிய சமன்பாடு தொடங்குகிறேன். இந்தப் பக்கத்து எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

---

இயற்பியல் வாத்தியார்:

13-லிருந்து 27-க்குப் போனது நீங்கள் விளக்கி அல்ல, அவர்களே பேசி. அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு இதே கேள்வியைக் கேட்கும்போது ஒப்பிட உதவும்.

சமன்பாட்டுக்குத் தராசு. ஃபெட் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, இயற்பியலுக்கு நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அறிவியல் கணக்கு இரண்டுக்கும் ஊடாடும் பயிற்சிகள் உண்டு. அதில் சமன்பாட்டைத் தராசாகக் காட்டுவது ஒன்று. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் போனாலும் ஓடும்.

ஒரு தட்டில் 2 பைகளும் 3 குண்டுகளும், மறு தட்டில் 11 குண்டுகள், தராசு சமமாக நிற்கிறது என்று வையுங்கள். பைக்குள் எத்தனை என்று உடனே கேட்காதீர்கள், கணக்குப் போட்டுவிடுவார்கள். இடத்தட்டிலிருந்து மட்டும் 3 குண்டை எடுத்தால் எந்தப் பக்கம் சாயும், சாயாமல் இருக்க மறு தட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். விரல், பேச்சு, மறுபடி விரல், அப்புறம் இழுத்துப் பாருங்கள். எண் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்தது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அது சொன்ன பிறகு அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

---

லேப் உதவியாளர்:

டீச்சர், ஒரு சின்ன விஷயம். பேனலில் எழுதியதை மணி அடித்ததும் அழிக்க வேண்டாம், பிடிஎஃப் ஆகத் தேதி போட்டுச் சேமித்துவிடுங்கள். ஓப்பன்போர்டு என்ற இலவச மென்பொருளில் இது சுலபம், எழுதிய பக்கங்கள் தானாகவும் சேமிக்கப்படும். மறுநாள் தொடங்கும்போது நேற்றைய கடைசிப் பக்கத்தைத் திறந்தால், வராத பிள்ளையும் எங்கே விட்டது என்று பார்த்துக்கொள்ளும். பேனல் உறைந்தால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மெயின் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள்.